எங்கிருந்து தொடங்கினாலும் நிறைவு தரும் படங்கள்

மனம் சோர்ந்திருக்கும் நாளில் வீட்டிலிருந்தபடியே மறுபடியும் மறுபடியும் பார்க்கத் தகுந்த தமிழ்ப் படங்கள் எவை, அவை ஏன் அலுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போற்றத் தக்க படங்களையெல்லாம் அடுக்குவது எளிது. ஆனால் போற்றத் தக்க படமெல்லாம் சோர்ந்த நாளுக்கு உதவுவதில்லை. என் வீட்டில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் படங்களை வைத்துச் சொல்வதானால், எந்தக் காட்சியில் நுழைந்தாலும் உடனே மனம் ஒட்டிக்கொள்கிற, எந்தக் காட்சியில் எழுந்து போனாலும் குறை தோன்றாத படமே ஆறுதல் தரும் படம். இந்த அளவுகோலை எனக்குக் கொடுத்தது நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் இப்போது வசிக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் மாதம் ஒருமுறை திடலில் படம் போடுவார்கள். பந்தாட்டக் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, ஒரே ஓர் இயந்திரத்தை வைத்து ஓட்டுவார்கள். ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும் வரையில் எல்லோரும் காத்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் சாக்கும் பாயும் விரித்த குடும்பங்கள் நிறைந்துவிட்டால், தாமதமாக வந்தவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்கள். அந்தப் பக்கத்தில் எழுத்தெல்லாம் இடம்வலமாகத் திரும்பிய கண்ணாடி எழுத்தாகத் தெரியும். வாள் பிடிப்பவர்கள் எல்லோரும் இடக்கையால் பிடிப்பார்கள். சிவாஜி கணேசன் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று என் தம்பி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான்.

படம் முடிய நள்ளிரவு ஆகிவிடும். ஆனால் மரம் வெட்டுபவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது என்பதால் வேலை அவ்வளவு சீக்கிரம் தொடங்கியது. ஆகவே பத்து மணி தாண்டியதும் திடலில் பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருட்டப்படும். கதை எங்கே நின்றாலும் அம்மா எழுந்துவிடுவார். தூங்கிவிட்ட தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கு, எங்கள் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நடப்பார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். முடிவு என்ன ஆயிற்று என்பதை மறுநாள் இளவட்டங்கள் யாராவது சொன்னால்தான் தெரியும். இப்படி முதல் தடவையிலேயே ஒரு படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்துப் பெண்களில் அநேகமாக ஒருவரும் இல்லை. அவர்களுக்கு மறுபடி பார்ப்பதென்பது விட்டுப்போன பாதியைச் சேர்த்துக்கொள்வது.

இதற்கு விதிவிலக்காக ஓர் இரவு அமைந்தது. மாலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டதால் படத்தைத் திடலிலிருந்து கோயில் கொட்டகைக்கு மாற்றினார்கள். மழை விடுவதாக இல்லை. பட்டை நனைந்துவிட்டால் மரம் வெட்ட முடியாது. வெட்டினால் பால் மங்கில் (கிண்ணத்தில்) விழாமல் மரத்தோடு வழிந்து போய்விடும். மறுநாள் வெட்டு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லைதான். ஆனாலும் அந்த இரவு எவரும் எழுந்து போகவில்லை. ஓடிய படம் ‘காதலிக்க நேரமில்லை’. துத்தநாகத் தகரக் கூரையின் மேல் மழை கொட்டிய கொட்டில் ஒரு வசனமும் காதில் விழவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அந்த நகைச்சுவைப் படத்தை அத்தனை பேரும் முகங்களை மட்டும் பார்த்துச் சிரித்தார்கள். நாகேஷ் தம் தந்தையாக நடிக்கும் டி. எஸ். பாலையாவுக்குத் தாம் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லும் புகழ்பெற்ற காட்சியில், கதை கேட்பவரின் கண்கள் விரிவதையும், உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்குவதையும், அச்சத்தை மறைக்க முடியாமல் முகம் தவிப்பதையும் பார்த்து என் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

1964இல் ஸ்ரீதர் இயக்கிய அந்தப் படத்தை நான் முதலில் பரிந்துரைப்பதற்கு இந்த நினைவு மட்டும் காரணமாகாது. சின்னமலை எஸ்டேட் முதலாளி ஒருவர், அவருடைய இரண்டு மகள்கள், ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்ற பெயரில் படமெடுக்கத் துடிக்கும் மகன், வேலையை இழந்த ஓர் இளைஞன் என்று நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு, வில்லனே இல்லாமல், யாரையும் இழிவுபடுத்தாமல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சிரிக்கவைக்க முடிந்திருக்கிறது. மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரின் பாடல்களில் தள்ளிவிட்டுப் பார்க்கத் தோன்றுவது ஒன்றுகூட இல்லை. எஸ்டேட் வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கேட்டு ஆடிப்பாடிப் போராடும் பகுதி தோட்டத்து மக்களுக்குத் தனிச் சுவை உடையது. தோட்டத்து மேனேஜர் பங்களாவின் வாசற்படியை வாழ்நாளில் ஒருமுறைகூட மிதித்திராத என் அம்மா அந்தக் காட்சியில் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து உட்காருவார். “நம்ம ஆளுங்களுக்கு அன்னைக்கி இது தோணாம போச்சே, பாப்பா,” என்று ஒருநாள் சொன்னார். மெய்யாகவே வருந்திச் சொன்னார்.

அடுத்ததாக ‘திருவிளையாடல்’. 1965இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த இந்தப் படம் துண்டு துண்டாகப் பார்ப்பவர்களுக்கென்றே அமைந்தது போன்றது. மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் அன்னை பார்வதி சிவனின் விளையாடல்களைச் சொல்லுவதாக, நான்கு தனிக் கதைகளைக் கோத்திருக்கிறார்கள். தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்த கதை, தட்சனின் வேள்விக் கதை, மீனவப் பெண்ணாகப் பிறந்த கயற்கண்ணியின் கதை, பாணபத்திரருக்காக விறகு வெட்டியாய் வந்த கதை என ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று பார்த்தாலும் எதுவும் அறுந்து போகாது.

எண்பதுகளில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் வீடியோ பெட்டி வாங்கினார்கள். பட்டணத்துக் கடையில் ஓர் இரவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நாடா எடுத்து வருவோம். ‘திருவிளையாடல்’ நாடாவில் தருமியாக வரும் நாகேஷ் கோயில் மண்டபத்தில் தனியே நின்று புலம்பத் தொடங்கும் இடம் வந்ததும் திரையில் வெள்ளைக் கோடுகள் நெளியும்; குரலும் சற்று இழுக்கும். எங்களுக்கு முன்பு அந்த நாடாவை எடுத்துப்போன அத்தனை வீடுகளிலும் அதே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டியதால் ஏற்பட்ட தேய்மானம் அது. எந்தக் காட்சி மக்களுக்கு ஆறுதல் தருகிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை. ஆயிரம் பொற்காசு கிடைக்காதா என்று ஏங்கும் ஏழைப் புலவனின் தவிப்பை நாகேஷ் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல்கூடச் சிதறுவதில்லை. அவன் பசி உண்மையாக இருப்பதனால்தான் அவன் பேச்சு நகைச்சுவையாகிறது என்று நினைக்கிறேன். மாதக் கடைசியில் கடைக்கணக்கை எண்ணிக்கொண்டிருந்த வீடுகளில் அந்த நாடா தேய்ந்ததற்கும் இதுவே காரணமாயிருக்க வேண்டும்.

மூன்றாவது ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை அதே நாகராஜன் 1968இல் படமாக்கினார். சிவாஜி கணேசன் நாதசுர வித்வானாகவும் பத்மினி நாட்டியக் கலைஞராகவும் நடிக்க, மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும் நாதசுரம் வாசித்தார்கள். சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் விரல்களையும் பார்த்தால் வேறு யாரோ வாசிக்கிறார்கள் என்று நம்ப மனம் வராது. தோட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது இருவரும் மேடையில் போட்டியிடும் கட்டத்துக்கு முன்பே அம்மா எழுந்து போக நேர்ந்தது. அந்தப் போட்டியையும், அதன் பிறகு காயம்பட்டுத் தேறிவந்தவரைப் பார்த்து மோகனா பாட்டாலேயே நலம் விசாரிப்பதையும் அவர் முதன்முதலாகப் பார்த்தது வீடியோவில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. பி. சுசீலாவின் குரலில் அந்த விசாரிப்பு தொடங்கியபோது, சபையில் எல்லோருக்கும் நடுவே, அவர்கள் இருவருக்கு மட்டுமே புரியும்படி கேட்கப்படும் கேள்வி அது என்பதை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். “வாயத் தொறந்து கேக்க முடியாத எடத்துல எப்புடிக் கேக்குறா பாரு,” என்றார். கூட்டுக் குடும்பத்தில் இருபது வருடம் வாழ்ந்த பெண்ணின் சொல் அது.

இந்த மூன்று படங்களிலும் டி. எஸ். பாலையா இருக்கிறார் என்பதை நான் வெகு நாட்கள் கவனிக்கவில்லை. எஸ்டேட் முதலாளி, செருக்கு மிக்க ஹேமநாத பாகவதர், நாதசுர கோஷ்டியின் தவில் வித்வான் என மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத வேடங்கள். 1936இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கி 1972இல் மறையும் வரை நடித்தவர். அவருடைய முகம் எந்தக் காட்சியில் வந்தாலும் அங்கே ஏதோ ஒரு சிறிய வேலை நடந்துகொண்டிருக்கும்: புருவம் ஏறும், உதடு பிதுங்கும், பேச வந்த சொல்லை விழுங்குவார். கதை முழுவதும் தெரிந்த பின்பும் ஒரு படத்தைப் பார்க்க முடிகிறதென்றால், இத்தகைய நடிகர்கள் ஓரத்தில் இருந்துகொண்டு செய்யும் வேலையே அதற்குக் காரணம். கதாநாயகனை முதல் தடவை பார்க்கிறோம். பாலையாவை மூன்றாவது தடவையில்தான் பார்க்கத் தொடங்குகிறோம்.

‘கரகாட்டக்காரன்’ பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கங்கை அமரன் 1989இல் எடுத்த அந்தப் படத்தின் இரண்டு வாழைப்பழ விவகாரம் தெரியாத தமிழர் மலேசியாவிலும் இல்லை. எங்கள் வீட்டில் அது ஓடுவதற்குக் காரணம் வேறு. தீமிதியில் ஒலிக்கும் மாரியம்மன் பாடலைச் சித்ராவோடு சேர்ந்து பாடியவர் மலேசியா வாசுதேவன். தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் இருந்த நாட்டில் பிறந்த குரல் அது. திருவிழாக் காலத்தில் அந்தப் பாடல் கேட்காத கோயிலை இங்கே காண்பது அரிது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ என் மகனின் தேர்வு. 1990இல் வந்த அந்தப் படத்துக்குக் கிரேசி மோகன் எழுதிய வசனங்களைப் பத்தாவது தடவை கேட்கும்போதும் ஒரு புதிய சிலேடை அகப்படுகிறது. சாம்பாரில் மீன் விழுந்துவிட்டதை அறிந்த பாலக்காட்டுச் சமையல்காரரின் பதற்றம் ஒன்றே ஓர் இரவுக்குப் போதும்.

இனி, இந்தப் பட்டியலில் பொருந்தாதது போல் தோன்றும் ஒரு படத்தைச் சொல்கிறேன். பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ 1985இல் வந்தது. துயரம் நிறைந்த கதை. மகிழ்ச்சியான படம்தான் ஆறுதல் தரும் என்று நினைத்து அதை நான் பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தேன். அம்மாதான் கேட்டுக் கேட்டு மீண்டும் போடவைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பெரியவரைக் காட்டிவிட்டுத்தான் கதை பின்னோக்கிப் போகிறது. முடிவைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுவதால், என்ன ஆகுமோ என்ற தவிப்பு இல்லாமல் அந்த ஊரையும் ஆற்றையும் பரிசலையும் சிவாஜியின் நடையையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது. வாழ்நாள் முழுவதும் முடிவைப் பார்க்காமலேயே எழுந்து போன ஒருவருக்கு இந்த அமைப்பு எவ்வளவு பிடித்திருக்கும் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பூங்காற்றைத் திரும்பி வரச்சொல்லி ஏங்கும் பாடலில் சிவாஜிக்குக் குரல் கொடுத்தவரும் மலேசியா வாசுதேவன்தான். அவர் 2011இல் காலமான செய்தி வந்த அன்று இரவு அந்தப் பாடலை மட்டும் நான்கைந்து முறை கேட்டோம். படம் போடவில்லை.

எனக்காக மட்டும் நான் பார்ப்பது ராதாமோகனின் ‘மொழி’. 2007இல் வந்தது. பள்ளியில் கடினமான நாளாக இருந்தால் அன்று இரவு அதில் ஏதாவது அரைமணி நேரம் பார்ப்பேன். காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக ஜோதிகா நடித்திருக்கும் விதத்தில் இரக்கத்தைக் கேட்டு நிற்கும் ஒரு பார்வைகூட இல்லை. அதே அடுக்குமாடியில் வசிக்கும் பேராசிரியராக எம். எஸ். பாஸ்கர் வருகிறார். மகனைப் பறிகொடுத்த 1984ஆம் ஆண்டிலேயே மனம் நின்றுவிட்டவர். பார்ப்பவரையெல்லாம் நிறுத்தி அந்த ஆண்டின் செய்திகளையே பேசுவார். முதலில் சிரிக்கிறோம். மகன் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு அவர் வாய்விட்டு அழும் காட்சிக்குப் பிறகு, அதுவரை சிரித்த ஒவ்வோர் இடமும் வேறொன்றாகிவிடுகிறது. அந்தக் காட்சி தெரிந்தபின் மறுபடி தொடக்கத்திலிருந்து பார்க்கும்போது அவர் பேசும் முதல் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. மறுபடி பார்ப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பொருள் அது. என் அம்மாவுக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிக்கவில்லை. அடுக்குமாடி வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவருடைய குறை.

அண்மையில் சேர்ந்தது ‘மெய்யழகன்’. ‘96’ படத்தை எடுத்த பிரேம்குமார் 2024இல் எடுத்த படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ‘அத்தான்’ என்று அழைத்து உயிராய்ப் பழகும் ஒருவனின் பெயர் அவனுக்கு நினைவில் இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இரவு முழுவதும் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அரவிந்த்சாமியும் கார்த்தியும் பேசும் அந்த நீண்ட பேச்சு சிலருக்கு இழுவையாகத் தோன்றலாம்; எனக்குப் படத்தின் உயிரே அதுதான். விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதையை அவன் கேட்கும் இடம், கொடுத்தவருக்கே தெரியாமல் செய்யப்பட்ட உதவியைப் பற்றியது.

இந்தப் படத்தை நாங்கள் ஐந்து மாலைகளில் பார்த்தோம். எங்கள் தோட்டமும் தொண்ணூறுகளில் விற்கப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டன. நாங்கள் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். படத்தின் தொடக்கத்தில் அந்தப் பையன் வீட்டை விட்டுப் புறப்படும் இரவைப் பார்த்தபோது அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் பசியாறும்போது, லயத்து வீட்டின் பின்கட்டில் பால் வாளியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் இருந்த வட்டத் தழும்பைப் பற்றிச் சொன்னார். சிமெண்டுத் தரையில் பல வருடமாக விழுந்த தழும்பு. அன்று மாலை அவரே ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மர்மப் படங்களை இந்தத் தேவைக்கு நான் எடுப்பதில்லை. அவை நல்ல படங்களாக இருக்கலாம். ஆனால் குற்றவாளி யார் என்று தெரிந்தபின் மிஞ்சுவது குறைவு. நடுவில் ஒரு கொடுமையான காட்சியை வைத்திருக்கும் படங்களையும் தவிர்க்கிறேன். அது எந்த நேரத்தில் வரும் என்ற அச்சம் அதற்கு முன்னுள்ள நல்ல காட்சிகளையும் கெடுத்துவிடும். நீங்கள் புதிதாகத் தொடங்குவதானால், ஒரே மூச்சில் முழுப் படத்தையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியின் பகுதியை ஓர் இரவு பாருங்கள். மறுவாரம் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் பேய்க்கதைக் காட்சியைப் பாருங்கள். முடிந்தால் ஒருமுறை ஒலியை அடைத்துவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள்.

வேலையை விட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும் அம்மாவுக்கு நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இரவு ஒன்பதுக்கெல்லாம் கண் செருகிவிடும். இந்த வாரம் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடிக்கொண்டிருக்கிறது. ரயில் பெட்டியில் இரு கோஷ்டிகளும் ஒன்றாகப் பயணம் செய்யும் காட்சி வரை வந்து நேற்று நிறுத்தியிருக்கிறோம்.